காரில் பென்டிரைவ் பாட மறுப்பது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்களில், வண்டியில் யுஎஸ்பி வழியாகப் பாட்டுக் கேட்பது பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்குத் திரட்டியிருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் ரேடியோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிய பிறகே பேனாவை எடுத்திருக்கிறார்கள். பழுது பெரும்பாலும் பென்டிரைவில் பாட்டை ஏற்றிய விதத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை.

கேள்வி: நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பழைய 8 ஜிபி பென்டிரைவ் நிறைந்துவிட்டதால், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 64 ஜிபி பென்டிரைவ் ஒன்றை வாங்கி மருமகனிடம் கொடுத்துப் பாடல்களை ஏற்றிக்கொண்டேன். கணினியில் எல்லாப் பாடல்களும் பாடுகின்றன. வேனில் செருகினால், ஏற்க முடியாத சாதனம் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. பழைய பென்டிரைவ் மட்டும் இன்னும் பாடுகிறது. கடையில் ரேடியோவையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– பள்ளி வேன் ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம். பழைய பென்டிரைவ் அதே துளையில் இன்னும் பாடுகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியே ரேடியோவுக்கும் அதன் வயருக்கும் நற்சான்றாகிவிடுகிறது.

எந்தக் கோப்பு பென்டிரைவில் எங்கே கிடக்கிறது என்பதைக் குறித்துவைக்கும் முறையில் பல வகைகள் உண்டு. ஃபேட்32 என்பது 1996 முதல் புழக்கத்தில் இருப்பது; ஏறத்தாழ எல்லாக் கார் ரேடியோக்களும் அதைப் படிக்கும். எக்ஸ்ஃபேட் என்பதை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006இல் கொண்டுவந்தது. அதன் நுட்ப விவரங்களை 2019இல்தான் எல்லாருக்கும் பொதுவாக வெளியிட்டது. அதற்கு உரிமம் வாங்க வேண்டியிருந்ததால், விலை குறைந்த ரேடியோக்களைச் செய்தவர்கள் அதன் பக்கம் போகவில்லை. கடையில் விற்கும் 32 ஜிபி வரையிலான பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட்32 முறையிலும், 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையிலும் வருகின்றன. உங்கள் மருமகனின் கணினிக்கு இரண்டும் தெரியும். வேன் ரேடியோவுக்கு ஒன்றுதான் தெரியும்.

இதை உறுதிசெய்துகொள்ள, பென்டிரைவைக் கணினியில் செருகி, அதன் படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் திறந்தால், ‘ஃபைல் சிஸ்டம்’ என்ற வரியில் எந்த முறை என்று தெரியும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் இன்னொரு முறை) என்று இருந்தால் ஃபேட்32 முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், பாடல்களை முதலில் கணினியில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இன்னொரு முடிச்சும் இருக்கிறது: விண்டோஸின் வழக்கமான ‘ஃபார்மட்’ சாளரம் நீண்ட காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவ்களுக்கு ஃபேட்32 என்ற தெரிவையே காட்டுவதில்லை. ஆகவே முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருள்கள் 64 ஜிபியையும் ஃபேட்32 முறைக்கு மாற்றித் தரும். அப்போது பிரிவு முறை (பென்டிரைவின் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் குறிக்கும் விதம்) எது என்று கேட்டால் எம்பிஆர் என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுங்கள், ஏனெனில் ஜிபிடி என்ற புதிய முறையில் பிரிக்கப்பட்ட பென்டிரைவைப் பல ரேடியோக்கள் வெறுமையாகவே பார்க்கின்றன.

பசார் மாலாமில் வாங்கியது என்பதால் ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. உள்ளே 8 ஜிபி மட்டுமே இருக்க, கணினியிடம் 64 ஜிபி என்று பொய் சொல்லும்படி செய்த பென்டிரைவ்கள் சந்தையில் உண்டு. அத்தகையவற்றில் முதலில் ஏற்றிய பாடல்கள் நன்றாகப் பாடும். பின்னால் ஏற்றியவை பெயர் மட்டும் தெரிந்து, பாடாமல் தாண்டிப்போகும் அல்லது கரகரவென்று இரையும். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் பென்டிரைவ் நிறைய எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும் வேலைதான். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

உண்மையில் 64 ஜிபி உங்களுக்குத் தேவையா என்பதே என் ஐயம். 192 கேபிபிஎஸ் (நொடிக்கு 192 கிலோபிட்) தரத்தில் உள்ள எம்பி3 பாடல்களை 32 ஜிபியில் நிரப்பினால், இரவு பகல் பாராமல் ஓடினாலும் பாடி முடிக்கப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள்ளாகவே பல ரேடியோக்கள் தங்கள் எல்லையைத் தொட்டுவிடும். ஒரு கோப்புறையில் 255 பாடல்களுக்கு மேல் எண்ணத் தெரியாத ரேடியோக்கள் உண்டு. தெரிந்த கடையில் வாங்கிய 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் பள்ளி வேனுக்குத் தாராளம். ரேடியோவை மாற்றச் சொன்ன கடைக்காரர் அதே கடையில் இருந்த 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகிப் பார்த்திருந்தால், இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். காலையில் காரை எடுத்தவுடன் விநாயகர் துதி, பிறகு முருகன் பாடல்கள், பிறகு அம்மன் பாடல்கள் என்று வரிசையாகக் கேட்பது என் பழக்கம். கணினியில் வரிசை சரியாகத்தான் தெரிகிறது. காரில் அம்மன் பாடல் ஒன்றில் தொடங்கி, இடையிடையே எல்லாம் கலந்து வருகின்றன. கலந்து பாடும் பொத்தானை நான் அழுத்தவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோலகங்சார்

பதில்: ஐயா, கணினி உங்களுக்குக் காட்டுவது அது தானே அடுக்கிக்கொண்ட அகர வரிசை. பென்டிரைவில் உள்ள பதிவேட்டில் இருப்பது வேறு. தோட்டத்துப் பெரட்டில் (காலை ஆள்கணக்கெடுப்பில்) வந்தவர் வந்த வரிசையில் பெயர் பதிவதைப் போல, ஃபேட்32 பதிவேட்டில் எந்தக் கோப்பு முதலில் வந்து சேர்ந்ததோ அதன் பெயரே முதலில் எழுதப்படுகிறது. நடுவில் ஒரு பாடலை அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினால், காலியான அந்த இடத்திலேயே புதியவர் வந்து அமர்ந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலான எளிய ரேடியோக்கள் அகர வரிசைப்படுத்தும் தொல்லையை வைத்துக்கொள்ளாமல், பதிவேட்டில் உள்ளபடியே மேலிருந்து கீழே பாடிக்கொண்டு போகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது, பென்டிரைவை முழுக்க வெறுமையாக்கிவிட்டு, கேட்க விரும்பும் வரிசையிலேயே ஏற்றுவது. முதலில் விநாயகர் கோப்புறையை மட்டும் ஏற்றி, அது முடிந்த பிறகு முருகன், அதன் பிறகு அம்மன். கோப்புறைக்குள்ளும் வரிசை முக்கியம் என்றால், பாடல்களின் பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று இரண்டிலக்க எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால், பெயரைப் பார்த்து அடுக்கும் ரேடியோக்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். அதற்கப்புறம்தான் 2க்கு முறை வரும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து இழுத்துப் போடும்போது, முதல் பாடலின் மேல் சுட்டியை வைத்து இழுக்க வேண்டும். கடைசிப் பாடலைப் பிடித்து இழுத்தால் விண்டோஸ் அந்தக் கடைசிப் பாடலையே முதலில் ஏற்றத் தொடங்கிவிடும். உங்கள் காரில் அம்மன் முந்திக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அடிக்கடி பாடல்களைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் வெறுமையாக்குவது சலிப்பைத் தரும். பென்டிரைவின் பதிவேட்டையே அகர வரிசைக்கு மாற்றி எழுதித் தரும் டிரைவ்சார்ட் போன்ற சிறு மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏற்றி முடித்தபின் ஒருமுறை அதை ஓட்டினால் போதும்.

கேள்வி: பாடல்களின் பெயரைத் தமிழில் அழகாகத் தட்டச்சு செய்து வைத்தேன். கார் ரேடியோவில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. சில பாடல்களுக்கோ பாட்டின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் ஓடுகிறது.
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: கட்டம் தெரிவது உங்கள் தட்டச்சின் குற்றமில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் முறையில் தமிழுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் அந்த எழுத்துகளை வரைந்து காட்டும் எழுத்துரு ரேடியோவுக்குள் இல்லாவிட்டால், அது வெறுங்கட்டத்தையோ கேள்விக்குறியையோதான் காட்ட முடியும். ஒரு வரி மட்டுமே தெரியும் சிறிய திரையுள்ள ரேடியோக்கள் ரூமி எனும் ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடுகின்றன. ஆண்டிராய்டு திரை உள்ளவற்றில் பெரும்பாலும் தமிழ் தெரியும். மற்றவர்கள் ரூமியில் எழுதிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இணையதளத்தின் பெயர் ஓடுவதற்குக் காரணம் வேறு. எம்பி3 கோப்புக்குள்ளேயே பாடலின் பெயர், பாடியவர், தொகுப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு சீட்டு இருக்கிறது. ஐடி3 என்பது அதன் பெயர். நீங்கள் மாற்றியது கோப்பின் வெளிப்பெயரை. ரேடியோ படிப்பது உள்ளே இருக்கும் சீட்டை. அனுமதியில்லாமல் பாடல்களை வாரி வழங்கும் தளங்கள் அந்தச் சீட்டில் தங்கள் விளம்பரத்தை ஒட்டி அனுப்புகின்றன. எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் முழுக் கோப்புறையையும் திறந்து, ஒரே அடியில் அந்த வரிகளை அழித்துவிட்டு, கோப்பின் பெயரையே சீட்டிலும் எழுதிவிடலாம். சேமிக்கும்போது ஐடி3யின் 2.3 பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பழைய ரேடியோக்களுக்கும் ஒத்துவரும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் தன் ஆப்பிள் கணினியில் பாடல்களை ஏற்றித் தந்தாள். காரில் ஒவ்வொரு பாடலும் இரண்டு முறை வருகிறது. அதில் ஒன்று பாடாமல் மௌனமாகத் தாண்டிப்போகிறது.
– தோட்ட மண்டோர்

பதில்: மகள் எதையும் இரண்டு முறை ஏற்றவில்லை. ஆப்பிள் கணினி ஃபேட்32 பென்டிரைவில் ஒரு கோப்பை எழுதும்போது, அதைப் பற்றிய குறிப்புகளை அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் சேர்த்து, மறைவான சிறு கோப்பாகப் பக்கத்திலேயே எழுதிவைக்கும். அதன் பெயரும் எம்பி3 என்றே முடிவதால், ரேடியோ அதையும் பாட்டென்று நம்பி எடுத்துப் பார்த்து ஏமாறுகிறது. விண்டோஸ் கணினி ஒன்றில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு, புள்ளியில் தொடங்கும் சில கேபி அளவுள்ள கோப்புகளை மட்டும் அழித்துவிடுங்கள். பாடல்களுக்கு எதுவும் ஆகாது.

கேள்வி: காரை அணைத்துவிட்டு மறுபடியும் கிளப்பும் ஒவ்வொரு முறையும் முதல் பாட்டிலிருந்தே தொடங்குகிறது. கடிகாரமும் 12 மணிக்குத் திரும்பிவிடுகிறது. ரேடியோவைப் புதிதாக மாட்டிய நாளிலிருந்தே இப்படித்தான்.
– வாசகர், ஈப்போ

பதில்: கடிகாரத்தையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று. இது பென்டிரைவின் சங்கதி அன்று, வயரிங். தனியாக வாங்கி மாட்டும் ரேடியோவின் பின்னால் பொதுவாக மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் பெற வேண்டும், சிவப்பு வயர் சாவியைத் திருப்பினால் மட்டும் பெற வேண்டும், கறுப்பு எர்த். நினைவைக் காப்பது மஞ்சள் வயர். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தாலோ, இரண்டையும் சேர்த்துச் சாவிப் பக்கமே முறுக்கிவிட்டிருந்தாலோ, சாவியை எடுத்தவுடன் ரேடியோ எல்லாவற்றையும் மறந்துவிடும். கார் வயர்மேனிடம் காட்டினால் சில நிமிட வேலை. இரண்டையும் பேட்டரிப் பக்கம் சேர்த்துவிடுவதும் தீர்வாகாது. நினைவு நிற்கும், ஆனால் சில நாள் கார் சும்மா கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும்.

கேள்வி: என் காரில் இரண்டு யுஎஸ்பி துளைகள் உள்ளன. ஒன்றில் போன் சார்ஜ் ஆகிறது, பென்டிரைவ் மட்டும் பாடுவதில்லை.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அந்தத் துளை சார்ஜ் செய்வதற்கு மட்டும் உரியது. சாதாரண யுஎஸ்பி 2.0 துளையில் மின்சாரத்துக்கு இரண்டும் தகவலுக்கு இரண்டுமாக நான்கு கம்பிகள் உண்டு. சார்ஜ் துளையின் தகவல் கம்பிகள் ரேடியோவுக்குப் போவதே இல்லை. மற்றத் துளையில் செருகிப் பாருங்கள்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். பழைய காரிலிருந்து கழற்றிய யுஎஸ்பி ரேடியோ ஒன்று சும்மா கிடக்கிறது, லோரியில் மாட்டிக்கொள்ளலாமா? இன்னொன்று: ஒரு பாட்டு மெல்லக் கேட்கிறது, அடுத்த பாட்டு காதைப் பிளக்கிறது. எல்லாவற்றையும் 320க்கு மாற்றினால் சத்தம் சரியாகும் என்று நண்பர் சொல்கிறார்.
– லோரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்

பதில்: நேராக மாட்டிவிடாதீர்கள். கனரக லோரிகளில் பொதுவாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். இயந்திரம் ஓடும்போது அது 28 வோல்ட் வரை ஏறும். 12 வோல்ட்டுக்குச் செய்த கார் ரேடியோ அதைத் தாங்காது. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் வைத்து மாட்டுங்கள். ரேடியோவின் பின்னால் இருக்கும் ஃபியூஸில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதற்குக் குறையாமல் கன்வெர்ட்டர் தர வேண்டும். சிலர் கன்வெர்ட்டர் வாங்காமல் இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை இழுத்துவிடுகிறார்கள். பாட்டு என்னவோ பாடும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டும் மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக்கொண்டும் இருப்பதால், இரண்டுமே காலத்துக்கு முன்பே போய்விடும்.

320 என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு தகவலைச் செலவழித்துப் பாட்டு சேமிக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு. சத்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. 128இல் சேமிக்கும்போது கழித்துவிட்ட நுணுக்கங்கள் 320க்கு மாற்றினால் திரும்பி வரமாட்டா. கோப்பு மட்டும் இரண்டரை மடங்கு பெருக்கும். குறுந்தட்டிலிருந்து நீங்களே புதிதாக எடுக்கும்போது 192 அல்லது 256 வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓடும் லோரியின் இரைச்சலில் அந்த வேறுபாடு காதில் விழும் என்று நான் நம்பவில்லை. சத்தத்தைச் சமப்படுத்த எம்பி3கெயின் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பாட்டின் தரத்தைக் கெடுக்காமல் எல்லாப் பாடல்களின் சத்த அளவையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கேள்வி: அப்பாவின் பழைய காரில் இன்னும் கேசட் ரேடியோதான் இருக்கிறது. அவரிடம் எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் பதிவு செய்த உறுமி மேள கேசட்டுகள் உள்ளன. வேறு எங்கும் கிடைக்காதவை. அவற்றைப் பென்டிரைவில் ஏற்றி அதே காரில் கேட்க ஆசைப்படுகிறார். காரின் முகப்பு மாறக்கூடாது என்றும் சொல்கிறார்.
– மகன், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் கேசட்டைக் கவனியுங்கள், கார் காத்திருக்கும், நாடா காத்திருக்காது. நம் ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம், வெண்மையாக ஏதாவது தெரிந்தால் அந்தக் கேசட்டை அப்படியே ஓடவிடாமல் தனியாக வையுங்கள், ஏனெனில் அது கருவியின் தலைப்பகுதியில் படிந்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நன்றாக இருப்பவற்றை முழுக்க ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றி, நாடா ஒட்டியிருந்தால் தளர்த்திவிடுங்கள். கேசட் கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுத் துளைக்கு 3.5 மில்லிமீட்டர் வயர் ஒன்றை இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்யலாம். மடிக்கணினியில் அந்த உள்ளீடு இல்லையென்றால், யுஎஸ்பியில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்று வேண்டும்.

கேசட் தன் வேகத்தில்தான் ஓடும். 60 நிமிடக் கேசட்டுக்குப் பக்கத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். உறுமியும் பம்பையும் திடீரென ஓங்கி ஒலிப்பவை என்பதால், மிகப் பலமாக அடிக்கும் இடத்தை முதலில் ஓடவிட்டு, பதிவு மட்டம் காட்டும் கோடு சிவப்பைத் தொடாதபடி குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். மெல்லப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சியில் உடைந்த ஒலியை ஒட்டவைக்க முடியாது. பதிவானதை முதலில் வேவ் என்ற சுருக்கப்படாத வடிவில் அப்படியே சேமித்து, காருக்கு மட்டும் எம்பி3 பிரதி எடுங்கள். வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு 600 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். இந்தக் கேசட்டுகளுக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம்.

இனி கார். முகப்பை மாற்றாமல் கேட்க இரண்டு வழிகள் உள்ளன. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் பென்டிரைவில் இருப்பதைப் படித்து, மிக வலுக்குறைந்த வானொலி அலையாக அனுப்பும். ரேடியோவில் அந்த அலைவரிசையை வைத்துக் கேட்க வேண்டும். நிலையம் எதுவும் இல்லாத எண்ணாகப் பார்த்து வைக்க வேண்டும், ஈப்போ பக்கம் காலியாக இருந்த எண்ணில் வேறு ஊரில் ஒரு நிலையம் வந்து குறுக்கிடும். மற்றது கேசட் வடிவிலேயே இருக்கும் அடாப்டர். அதன் வயரைச் சிறிய எம்பி3 கருவியிலோ ஹெட்போன் துளையுள்ள பழைய போனிலோ செருகி, அடாப்டரைக் கேசட் போலவே உள்ளே தள்ளினால் பாடும். ஒலித்தெளிவில் எனக்கு அடாப்டரே மேல். அப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், காரின் முகப்பும் மாறுவதில்லை.

பென்டிரைவையோ எம்பி3 கருவியையோ காரிலேயே விட்டுவைக்கலாமா என்று அவர் கேட்டால், வெயிலில் நிறுத்தும் காரில் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல பென்டிரைவ்களின் வேலைக்கான வெப்ப வரம்பு 60 டிகிரிதான். நண்பகல் வெயிலில் நிற்கும் காரின் முகப்புப் பலகை அதைத் தாண்டிவிடும். வேவ் கோப்புகளை எப்படியும் வீட்டில் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.